ஜெட் லி புரூஸ் லீயின் சீடர் அல்ல

மேலே ஒரு நண்பர், "ஜெட் லி புரூஸ் லீயிடம் பாடம் கற்றவர், அவர் படங்களில் ஸ்டண்ட் ஆளாக இருந்து, 1998ல் ஹாலிவுட் போய்த்தான் ஹீரோ ஆனார்" என்று எழுதியிருக்கிறார். லைக் வேறு குவிகிறது. தப்புங்க.

புரூஸ் லீ 1973 ஜூலையில் ஹாங்காங்கில் இறந்தபோது ஜெட் லிக்கு வயது பத்து. பெய்ஜிங் பையன். அங்கே வூ பின் என்ற பயிற்சியாளரிடம் வூஷு என்ற சீனத் தற்காப்புக்கலையைக் கற்றுக்கொண்டிருந்தான். 1974ல் சீனக் குழுவோடு அமெரிக்கா போய், வெள்ளை மாளிகையில் அதிபர் நிக்சன் முன்னால் செய்து காட்டியவன். ஐந்து முறை தேசிய சாம்பியன். அதாவது, சினிமாவுக்கு வரும்போதே பெரிய ஆள்.

முதல் படமே நாயகன் வேடம்தான்: 1982ல் வந்த 'ஷாவோலின் டெம்பிள்'. அதைப் பார்த்துவிட்டு வீட்டைவிட்டு, சண்டைக்கலைக்குப் பேர்போன ஷாவோலின் மடத்துக்குக் கிளம்பிய சீனப் பையன்கள் ஏராளம். பிறகு 1991ல் சுய் ஹார்க் இயக்கத்தில், புகழ்பெற்ற சீனச் சண்டைக்கலை வீரர் வோங் ஃபே ஹுங் வேடம். ஆசியா முழுக்க அவரைக் கொண்டாடி முடித்த பிறகுதான் 1998ல் 'லீத்தல் வெப்பன் 4' வந்தது. அதிலும் ஹீரோ இல்லை, வில்லன்!

புரூஸ் லீ படங்களில் ஸ்டண்ட் செய்தவர் ஜாக்கி சான். நண்பர் இருவரையும் குழப்பிக்கொண்டார் போல. புரூஸ் லீ நடித்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' கதையை ஜெட் லி 1994ல் 'ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்' என்று மறுபடி எடுத்து நடித்தார், அவ்வளவுதான் தொடர்பு. சண்டைக்காட்சிகளில் எனக்கு அதுதான் ஒருபடி மேலே. புரூஸ் லீ ரசிகர்கள் அடிக்க வராதீர்கள்.