பவுல் சிறையில் இருந்தபோது வெளியே பேர் வாங்கியவர்கள்

'என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.' புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் கார் கண்ணாடியிலும் நாம் அடிக்கடி பார்க்கிற வசனம். வீடு கட்ட, விசா கிடைக்க, பிள்ளைக்கு சீட் கிடைக்க என்று எல்லாவற்றுக்கும் இதையே பிடித்துக்கொள்கிறோம். இது அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தில், அதாவது கடிதத்தில் வருகிறது. பிலிப்பியர் 4-ஆம் அதிகாரத்தில் இதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். திருப்தியாக இருக்கவும் தெரியும், பட்டினியாக இருக்கவும் தெரியும் என்கிறார் பவுல். அந்தப் பட்டினியைத் தாங்கத்தான் இந்தப் பெலன். அவர் அதை எழுதியது சிறையில் இருந்துகொண்டு.

இதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றி நம் சபைகளில் அதிகம் பேசிக் கேட்டதில்லை. பவுல் உள்ளே கட்டுண்டு கிடக்கிறார். வெளியே சிலர் பொறாமையினால், அவருக்கு மனவேதனை உண்டாக்க வேண்டுமென்றே பிரசங்கம் பண்ணுகிறார்கள். ஒரு ஊழியக்காரனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் என்ன வேண்டும்? ஆனால் அவரோ, எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, அதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதுகிறார். பணம் இல்லாமல் இருப்பதைக்கூட பழகிக்கொள்ளலாம். நம் இடத்தில் இன்னொருவன் பேர் வாங்கும்போது சந்தோஷப்படுவது அதைவிடக் கடினம் என்று நினைக்கிறேன். யூடியூபில் யாருக்கு எத்தனை சப்ஸ்கிரைபர் என்று போதகர்களே ஒப்பிட்டுப் பேசுகிற காலம் இது.

பொறாமை சபைக்கு வெளியே இருந்து வருவதாக நினைக்க வேண்டாம். 73-ஆம் சங்கீதத்தில், துன்மார்க்கரின் வாழ்வைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், கால் சறுக்கப் பார்த்தது என்று சொல்பவர் ஆசாப். தாவீது நியமித்த பாடகர்களுக்குத் தலைவர். இன்றைய கணக்கில் பாடகர் குழுவின் முதல் வரிசை ஆள்! நான் சுத்தமாக வாழ்ந்ததெல்லாம் வீண்தானோ என்றுகூடப் புலம்புகிறார். அந்தப் புலம்பலை மறைக்காமல் வேதத்தில் வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

திருநெல்வேலிப் பக்கம் தோனாவூரில், ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கல்லறையையும் இங்கே சொல்ல வேண்டும். அரை நூற்றாண்டு இந்த மண்ணில் உழைத்தவர், கடைசி இருபது வருடம் ஏறக்குறைய படுக்கையிலேயே இருந்தவர், 1951-இல் இறந்தார். தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் தண்ணீர் குடிப்பதற்காக ஒரு தொட்டி மட்டும் அங்கே வைத்தார்கள். நம் ஆலயங்களில் மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பேர் இருக்கிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. போதுமென்ற மனதைப் பற்றி, கூலி பாக்கி கேட்டு வருகிறவனிடம் முதலாளி பிரசங்கம் பண்ண முடியாது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தன் நிருபத்தில் ஐசுவரியவான்களைத்தான் கண்டிக்கிறார். நியாயமான சம்பளம் கேட்பது பொறாமை ஆகாது.

என் வருத்தமெல்லாம், கர்த்தர் செய்த நன்மைகளை விசுவாசிகள் சபைமுன் சொல்கிற சாட்சி நேரத்தைப் பற்றியது. புது கார், புது வீடு, பதவி உயர்வு என்று மைக்கில் வரிசையாக வருகிறார்கள். அவர்கள் நன்றி சொல்லட்டும், அதில் தவறில்லை. ஆனால் பின் பெஞ்சில் வேலை போன தகப்பன் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் என்ன நினைப்பார்? கர்த்தர் தன்னை மட்டும் விட்டுவிட்டார் என்றுதானே? ஜெபித்தும் வேலை கிடைக்காதவர், ஜெபித்தும் கடன் தீராதவர், அப்படியும் ஞாயிறு தவறாமல் வருகிறவர், அவர்களிடமும் மைக்கைக் கொடுங்கள், ஐயா. பிலிப்பியர் 4-ஐ வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.