பல்டி, பல்டி!

தேர்தல் நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'அன்று - இன்று' வீடியோ வந்து விழும். தலைவர் அன்றைக்குப் பேசியது, இன்றைக்குப் பேசுவது, நடுவில் ஒரு காமெடி சத்தம். உடனே சித்தப்பா வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போடுவார். சரி, மாறிவிட்டார். ஏன் மாறினார் என்று கேட்டால் மட்டும் குழு கப்சிப்.

1962-ல் சீனப் போர். மறுவருடமே பிரிவினை கேட்பதைத் தடுக்கும் 16-வது அரசியல் சட்டத் திருத்தம். அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் ஒளிக்காமல் சொன்னார். இதையும் பல்டிக் கணக்கில் எழுதினால் எப்படி?

எரிச்சல் வர வேண்டிய இடம் வேறு. 2023 செப்டம்பரில் பாஜக கூட்டணி முறிந்தது என்றது அதிமுக. 2025 ஏப்ரலில் அதே கூட்டணி மறுபடி. (திமுகவும் சளைத்ததல்ல, 1999-ல் பாஜகவோடு கைகோத்த கட்சிதான்.) என்னய்யா மாறியது என்றால், திமுகவை வீழ்த்த வேண்டுமாம். அப்போ 2023-ல் வீழ்த்த வேண்டாம் என்றா இருந்தார்கள்?