இன்னொரு தடவ "மாத்திப் பாத்துடலாம் சார்"னு எவனாவது சொன்னா அவ்ளோதான்

யோவ், சத்தம் வருதுன்னு ஒருத்தன் வண்டியக் கொண்டாந்து நிறுத்துனா முதல்ல அதுல ஏறி உக்காந்து ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பேசுங்கய்யா. ஓட்டல, காது குடுத்துக் கேக்கல, கீழ படுத்துப் பாக்கக்கூட இல்ல, பானெட்டு பக்கத்துல நின்னுக்கிட்டே "டயர் சத்தம் தான் சார் இது, மாத்திப் பாத்துடலாம்"னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பு, எதுக்கு அத்தன டூல்ஸு? நான் என்ன மொட்டையாவா சொன்னேன்? பின் வீல் டிரைவ் ஸ்போர்ட்ஸ் காரு, 60 தாண்டுனா பின் சீட்டு இருக்க வேண்டிய இடத்துலேர்ந்து ஊஊஊன்னு ஒரு ஊளை, ஆக்சிலேட்டர் குடுத்தா ஏறுது, கால எடுத்தா குரலே மாறுது, எந்த கியர்ல போனாலும் அதே ஸ்பீடுல அதே சுருதி. இதுக்கு மேல ஒரு கஸ்டமர் என்னத்தய்யா சொல்லணும், பாட்டாவே பாடிக் காட்டணுமா?

டயர் மாறுச்சு. சத்தம் போகல. அப்புறம் வீல் பேரிங், ஒரு பக்கம் மாத்துனா இன்னொரு பக்கம் கோச்சுக்கும்னு ரெண்டு பக்கமும். போகல. அப்புறம் கியர்பாக்ஸ்லேர்ந்து பின்னாடி சக்திய கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டோட சென்டர் பேரிங். அதுவும் போகல. ஒவ்வொரு தடவையும் சாவிய கையில குடுக்கும்போது "இப்ப கொஞ்சம் கம்மியாயிருக்குல்ல சார்?"னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அதுல தான் எனக்கு பிபி எகிறும். கம்மியாயிருக்கான்னு எங்கிட்ட கேக்குறியே, நீ ஓட்டிப் பாத்தியா? பல்லு வலின்னு போனவனுக்கு முட்டியில கட்டு போட்டு அனுப்பிட்டு இப்ப கொஞ்சம் தேவலையான்னு கேட்டா எப்படியிருக்கும், அந்த கதை தான்.

இத்தனைக்கும் இதெல்லாம் காசே செலவில்லாம ரோட்டுலயே கண்டுபிடிக்கிற விஷயம், அது தான் வயித்தெரிச்சலே. டயர் சத்தம்னா ரோடு மாறுனா மாறும், வழவழன்னு புது தார் ரோட்டுல அடங்கும், சொரசொர ரோட்டுல ஏறும், ஆனா அதே ஸ்பீடுல நீ ஆக்சிலேட்டர மிதிச்சியா விட்டியான்னு டயருக்கு பெருசா தெரியவே தெரியாது. வீல் பேரிங்னா ஸ்டியரிங்க லேசா ஒரு பக்கம் ஒடிச்சு வெயிட்ட எதிர் பக்கம் தள்ளுனா அந்த உறுமல் கூடும் இல்ல குறையும். இஞ்சினும் கியர்பாக்ஸ் முன்பக்கமும்னா அதே ஸ்பீடுல மூணாவது கியர், நாலாவது கியர்னு மாத்திப் பாத்தாலே சத்தமும் ஆர்பிஎம் கூடவே ஏறி எறங்கும். திரும்பும்போது மட்டும் கடகடன்னா டிஃப்ரென்ஷியல், அதாவது இஞ்சின் சக்திய ரெண்டு பின் வீலுக்கும் பிரிச்சு விடுற டிஃப் பெட்டி, அது உள்ள இருக்குற சின்ன ஸ்பைடர் கியருங்க, ஏன்னா நேரா போறப்போ அதுங்களுக்கு வேலையே கெடையாது. லோடுல ஒரு மாதிரி, கால எடுத்தா வேற மாதிரின்னு ஊளை விட்டா அது டிஃப்ல இருக்குற பெரிய பல்சக்கரம் கிரவுன் வீலும், அத சுத்தி விடுற சின்ன பல்சக்கரம் பினியனும் பேசுது, பல்லோட முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி அழுந்துற சத்தம் அது. பினியன் பேரிங் போச்சுன்னா கூடவே ஒரு கரகரப்பு, அதுவும் வீல் பேரிங்க விட வேகமான கரகரப்பு, ஏன்னா வீல் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள பினியன் நாலு சுத்து சுத்திடுது. இவ்ளோ தான்யா. அப்பவும் சந்தேகமா இருந்தா கிளிப்புல மாட்டுற குட்டி மைக்குங்க இருக்கு, டிஃப் ஹவுசிங்ல ஒண்ணு, வீல் ஹப்புல ஒண்ணுன்னு மாட்டிட்டு ஹெட்போன்ல மாத்தி மாத்தி கேட்டுக்கிட்டே ஓட்டலாம். அந்த செட்டு ஒண்ணும் தங்கத்துல செய்யல.

சரி காது தான் இல்ல, கண்ணாவது இருக்குல்ல? டிஃப் ஆயில எறக்கிப் பாருங்கன்னு நான் கெஞ்சாத குறை. அந்த டிரெயின் போல்ட்டு முனையில ஒரு காந்தம் வச்சே குடுக்குறான் நிறைய கம்பெனிக்காரன், எதுக்கு, அழகுக்கா? அதுல சாம்பல் கலர்ல மை மாதிரி பேஸ்ட்டு லேசா ஒட்டியிருந்தா அது சாதாரண தேய்மானம், பயப்பட வேணாம். கையில நெருடுற மாதிரி செதில் செதிலா, ஊசி ஊசியா வந்தா உள்ள எதோ உதிருதுன்னு அர்த்தம். கால் மணி நேர வேலை. அதுக்கு எனக்கு கெடைச்ச பதில் என்ன தெரியுமா? "அது லைஃப்டைம் ஆயில் சார், தொறக்கவே கூடாது." யாரோட லைஃப்டைம்யா? ஹைப்பாய்டு கியருன்னா பினியன் கிரவுன் வீலோட நடு மட்டத்துல இல்லாம கீழ தள்ளி உக்காந்திருக்கும், அதனால பல்லும் பல்லும் உருள்றதோட நிக்காம ஒண்ணு மேல ஒண்ணு அழுத்திக்கிட்டே வழுக்குது, அந்த அழுத்தத்துக்குன்னே கந்தகம் பாஸ்பரஸ் சேத்த ஜிஎல்-5 ஆயில் ஊத்துறோம், மூக்க பொத்துற அந்த நாத்தமே அதனால தான். சூட்டுல வெந்து வெந்து அந்த ஆயிலும் தேயத்தான் செய்யும். மேல ஊத்துற போல்ட்டு கழலுதான்னு பாத்துட்டு அப்புறம் கீழ தொறக்கணுங்கிற சின்ன விஷயம் கூட சில பேருக்குத் தெரியல, எறக்கிட்டு ஊத்த வழியில்லாம முழிக்குறாங்க.

கடைசில நானே மல்லுக்கட்டி எறக்க வச்சேன். காந்தம் முழுக்க செதில். அங்கயிருந்தவன் மூஞ்சியப் பாக்கணுமே. ஒரு செகண்டு தான், உடனே தெளிஞ்சிட்டான், "அப்போ டிஃப்ஃபே மாத்திடலாம் சார்." மறுபடியும் மாத்து!

ரீபில்டு பண்ண மாட்டீங்களாய்யான்னு கேட்டா அத்தன பேரும் பேச்ச மாத்துறான். கோவம் இருந்தாலும் இதுல ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். கிரவுனும் பினியனும் ஜோடியா உரசி பொருத்தி வர்ற செட்டு, ஒண்ண மட்டும் மாத்த முடியாது. பினியன் எவ்ளோ ஆழத்துல உக்காரணும்னு ஷிம்ங்கிற மெல்லிசு தகடு வச்சுப் பாக்கணும், பல்லுக்கு நடுவுல இருக்குற பிளேவ, அதாவது லேசா ஆடுற இடைவெளிய, டயல் கேஜ் வச்சு அளக்கணும், நிறைய கார்ல அது சுமாரா 0.1 லேர்ந்து 0.2 மில்லிமீட்டர், பல்லுல கலர் பேஸ்ட்டு தடவி சுத்திவிட்டு அச்சு எங்க விழுதுன்னு பாக்கணும், சரியில்லன்னா எல்லாத்தையும் கழட்டி முதல்லேர்ந்து. பொறுமை வேணும். டயரையும் பேரிங்கையும் மாத்தி மாத்தி விளையாடத் தெரிஞ்சவனுக்கு அந்த பொறுமை எங்கேர்ந்து வரும், அதனால முழு டிஃப் ஒண்ணு, பழசு, இன்னொரு வண்டியிலேர்ந்து கழட்டுனது.

பழசு தேடுறது தனி நரகம். "அதே கார் தான் சார், அப்படியே உக்காரும்"பான். அதே கார்னா? முதல் தலைமுறை டொயோட்டா 86 மேனுவல்ல 4.1 ரேஷியோ, அதாவது கிரவுன் ஒரு சுத்துக்கு பினியன் 4.1 சுத்து, 2017 மாடல்லேர்ந்து மேனுவலுக்கு 4.3, வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணு தான். மாஸ்டா மியாட்டா 1.6 லிட்டர்ல 6 இஞ்ச் கிரவுன், 1994ல 1.8 வந்தப்போ 7 இஞ்ச், பாடி அதே பாடி, ஆனா பெருச சின்னதுல போடணும்னா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஆக்சிலும் சேத்து மாத்தணும். என் காருக்கும் ஒரு மகான் வேற ரேஷியோவ தூக்கிட்டு வந்து குடுத்தான், நான் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டு மாட்டுற இன்புட் பிளேஞ்ச்ல சாக்பீஸ் கோடு போட்டு, உள்ள எல்எஸ்டி, அதாவது ஒரு வீல் மட்டும் வீணா சுத்தாம தடுக்குற டைப்புங்கிறதால ரெண்டு அவுட்புட்டையும் சேத்து சுத்தி, ஒரு சுத்துக்கு பினியன் எத்தன சுத்துதுன்னு எண்ணிக் காட்டுனதுக்கு "இதெல்லாம் ஒரு பிரச்சனையா சார், ஓட்டுனா தெரியாது"ங்கிறான். தெரியாதா? ஒவ்வொரு கியர்லயும் ஆர்பிஎம் மாறுது, உனக்கு தெரியாது, சரி. அதுல ஆயில் இருந்துச்சா, கையில சுத்துனா எங்கயாவது தட்டுதா, சீல் கசியுதா, ஒண்ணுமே பாக்கல, "ரன்னிங் கண்டிஷன்" மட்டும் வாய் நெறைய.

மாத்துற வேலையப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, கஷ்டம்னாலும் நேர்மையான கஷ்டம். எக்ஸாஸ்ட் பின்பாதிய எறக்கு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டு பிளேஞ்ச்ல அடையாளம் போட்டுட்டு கழட்டு, ஆக்சில விலக்கு, ஜாக்கி முட்டுக் குடுத்துட்டு மவுண்ட் போல்ட்ட எடு. கழட்டுனப்பவே டிஃப் மவுண்ட் ரப்பர் புஷ்ஷயும் பாருங்க, கிளட்ச் விட்டதும் பின்னாடி டொங்குன்னு ஒரு அடி விழுந்தா பாதி நேரம் அது தான். கிளட்ச் பிளேட் வச்ச எல்எஸ்டின்னா ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர்னு உரசல மென்மையாக்குற திரவத்த ஆயில்ல சேக்கணும், இல்லன்னா மெதுவா திரும்பும்போது பின்பக்கம் உதறும். கிளட்ச் பிளேட் இல்லாம கியர்லயே வேலை செய்யுற டோர்சன் டைப்புக்கு அது தேவையில்ல. இதக்கூட நான் தான் சொல்ல வேண்டியிருந்துச்சு, ரெண்டுக்கும் ஒரே டப்பாவ நீட்டுறான்.

இப்போ தான் மெயின் மேட்டரே. பழைய டிஃப்ப விட்டுட்டுப் போங்கன்னாங்க, முடியாதுன்னு தூக்கிட்டு வந்து பிரிச்சேன். பினியன் பேரிங் ரேஸ், அதாவது உருளைங்க உருள்ற வளையம், முழுக்க குழி குழியா அம்மை போட்டிருக்கு, சூட்டுல நீலம் பூத்திருக்கு. முன்னாடி பினியன் சீலு மட்டும் பளபளன்னு புதுசு. பினியன இறுக்கிப் புடிக்கிற நட்டுல முனையெல்லாம் ஏர் கன்னு வச்சு அடிச்ச தழும்பு. அப்போ தான் எல்லாம் விளங்குச்சு. ஒரு தடவ அங்க லேசா ஆயில் கசியுதுன்னு சீல் மாத்த குடுத்திருந்தேன். அந்த நட்டுக்கு உள்ள கிரஷ் ஸ்லீவ்னு ஒரு மெல்லிசு குழாய் இருக்கு, நட்ட இறுக்குனா அது நசுங்கி அந்த நசுங்கல்ல தான் பேரிங்குக்கு எவ்ளோ இறுக்கம்னு முடிவாகுது. பினியன கையால சுத்துனா வர்ற எதிர்ப்பு நிறைய கார்ல ரெண்டு மூணு நியூட்டன் மீட்டர தாண்டவே கூடாது, அவ்ளோ நைசான விஷயம். கழட்டுறதுக்கு முன்னாடியே அந்த எதிர்ப்ப அளந்து, நட்டு நின்ன இடத்த அடையாளம் போட்டு, அதே இடத்துக்கு கையால கொண்டு வரணும், இல்லன்னா புது ஸ்லீவ் போட்டு முறையா செட் பண்ணணும். இவன் ஏர் கன்ன எடுத்து டர்ர்ர்னு ஒரே அடி. ஸ்லீவ் தேவைக்கு மேல நசுங்கிடுச்சு, பேரிங்க நெரிச்சிடுச்சு, சூடேறி சூடேறி உதிர்ந்து, உதிர்ந்த இரும்பு ஆயில்ல சுத்தி கிரவுன் பல்லையும் சேத்து தின்னுடுச்சு.

அந்த நட்டையும் பேரிங்கையும் ஒரு துணியில சுத்தி எடுத்துட்டு நேரா அங்கயே போய் மேசை மேல வச்சேன். பழைய பில்ல எடுத்துக் காட்டுனேன், "பினியன் ஆயில் சீல் மாத்தியது"ன்னு அவங்க கையெழுத்துலயே இருக்கு. ஒருத்தன் வந்து பேரிங்க உருட்டிப் பாத்தான், இன்னொருத்தன் நட்டப் பாத்துட்டு வாயே தொறக்காம உள்ள போயிட்டான். முதலாளி மட்டும் பில்ல ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு சொல்றாரு, "நாங்க சீல் தானே சார் மாத்துனோம், பேரிங்க தொடவே இல்லியே."