கடலூர் கரி ரயில்: முதலில் தண்ணீரைச் சொல்லுங்கள்

ரெண்டு நாளாக எல்லாப் பக்கமும் அந்த அறிவிப்புதான். சேலத்திலிருந்து கடலூருக்குக் கரி என்ஜின் இழுக்கும் சுற்றுலா ரயில், காலையில் போய்க் கடல் பார்த்துவிட்டு ராத்திரி வீடு. படம் வந்துவிட்டது, கட்டணம் வந்துவிட்டது, தேதியும் வந்துவிட்டது. அதன் கீழே நான் கேட்டது ஒரே கேள்வி. "தண்ணீர் எங்கே பிடிக்கப் போகிறீர்கள்?" அதற்கு வந்த பதிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "தண்ணி லாரி சொன்னா வந்துருமுங்கண்ணா. வயசானவங்க எதுக்கெடுத்தாலும் குறை சொல்லாதீங்க."

வயசைச் சொன்னது வலித்தது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் தண்ணீர்.

கரி என்ஜின் என்றதும் எல்லோருக்கும் கரியும் புகையும்தான் கண்ணில் தெரியும். ஓட்டியவர்களுக்குத் தெரிவது தண்ணீர். டபிள்யூ.பி. ரகம் மாதிரி ஒரு பெரிய பிராட்கேஜ் (அகலப்பாதை) என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தர பாரத்தோடு கிலோமீட்டருக்குச் சுமார் 20 கிலோ கரி தின்னும். ஒரு கிலோ நல்ல கரி ஏறக்குறைய 7 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். அப்படியானால் கிலோமீட்டருக்கு 140 லிட்டர். சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம், அங்கிருந்து நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர் துறைமுகம் ஜங்ஷன். மொத்தம் கிட்டத்தட்ட 195 கிலோமீட்டர். போக மட்டுமே 27,000 லிட்டருக்கு மேல் வேண்டும். டெண்டர் என்பது என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டி, அதன் தண்ணீர்க் கொள்ளளவு சுமார் 25,000 லிட்டர். அதையும் அடிவரை வற்றவிட முடியாது, கிட்டத்தட்ட கால் பங்கு கையிருப்பு வேண்டும். ஒரே மூச்சில் போக முடியாது என்பது கரி அள்ளிப் போடும் எந்த ஃபயர்மேனும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுகிற கணக்கு. அந்த அறிவிப்பில் வழியில் எங்கே நிற்கும் என்று ஒரு வரி கூட இல்லை.

திரும்பி வருவது இன்னும் கஷ்டம். சேலம் ஜங்ஷன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போகும்போது மொத்தத்தில் இறக்கம், வரும்போது மொத்தத்தில் ஏற்றம். எல்லாரும் களைத்து உட்கார்ந்திருக்கும் ராத்திரி நேரத்தில்தான் என்ஜினுக்கு அதிக வேலை. அந்த நேரத்தில்தான் தண்ணீர் அதிகம் போகும்.

சரி, லாரி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். லாரியில் என்ன தண்ணீர்? சேலத்துக்காரர்களுக்கு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்ற வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறதே சுண்ணாம்புக் கரடு, அது மேக்னசைட். இந்தப் பாறை ஊறிய தண்ணீரில் மக்னீசியம் ஏறத்தான் செய்யும். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குளியலறை ஹீட்டர் காயிலில் வெள்ளைப் பொருக்கு கட்டும். வீட்டு ஹீட்டரில் நடப்பதுதான் பாய்லரிலும் நடக்கும், அளவுதான் வேறு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 27,000 லிட்டர் ஆவியானால் 13 கிலோவுக்கு மேல் உப்பு பாய்லருக்குள்ளேயே தங்கிவிடும். ஆவிதான் வெளியே போகும், உப்பு போகாது. ஒரு வழிப் பயணத்துக்கே 13 கிலோ.

அந்த உப்பு, பாய்லருக்குள் சூடான புகை ஓடும் டியூப் மேலும், நெருப்பு எரியும் ஃபயர்பாக்ஸின் தகடு மேலும் பொருக்காகப் படியும். பொருக்கு வெப்பத்தை விடாது. தகட்டின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே நிற்கும். தகடு புடைக்கும், டியூப் முனை கசியும், தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகள் உடையும். ஒரே நாளில் நடக்காது என்பது உண்மை. அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமை ஓடியபின் ஐந்தாவது வாரம் டியூப் கசிந்து நெருப்பை நனைக்கும்.

"சாஃப்ட்னர் வைத்தால் போச்சு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி சரி, அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். பொருக்கு கட்டாது. ஆனால் கரைந்த உப்பின் மொத்த அளவு குறையாது. அது ஏற ஏற பாய்லர் தண்ணீர் பால் பொங்குவது போலப் பொங்கும். பொங்கிய தண்ணீர் ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் திரும்பும்போது சிலிண்டர் மூடி பிளந்துவிடும். அதனால் சாஃப்ட்னர் வைத்தாலும் வழியில் அடிக்கடி புளோடவுன் வால்வைத் திறந்து உப்பேறிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும், அந்த இழப்பையும் சேர்த்துத் தண்ணீர் கணக்குப் போட வேண்டும், பொங்குவதை அடக்கும் மருந்து போட வேண்டும், பயணத்துக்குப் பயணம் பாய்லர் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். மேட்டூர் காவிரித் தண்ணீர் போர் தண்ணீரை விட எவ்வளவோ மேல். ஆனால் நல்ல தண்ணிக்குக் குடம் வரிசை வைத்துக் காத்திருக்கும் தெருக்கள் இருக்கிற ஊரில் அதை எடுக்க முன்கூட்டியே முறையாகக் கேட்டு வாங்க வேண்டும். லாரிக்காரருக்கு ஒரு போன் போட்டால் முடிகிற காரியமில்லை.

இனி எதிர்க் கேள்விகள். வந்தவை பாதி, வரப்போகிறவை பாதி.

"ஊட்டியில் ஓடுகிறதே?" ஓடுகிறது, அதில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அது மீட்டர்கேஜ். 1,000 மில்லிமீட்டர் அகலம், தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம், 12.5-க்கு 1 ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் பிடித்துக்கொண்டேதான் ஏறுகிறது. கவனித்தவர்களுக்குத் தெரியும், கல்லாறு, ஹில்குரோவ் என்று அதன் நிறுத்தங்களையே தண்ணீர்தான் தீர்மானித்திருக்கிறது. அந்த என்ஜினை 1,676 மில்லிமீட்டர் பிராட்கேஜ் பாதைக்குக் கொண்டுவர முடியாது. நம் விருத்தாசலம் பாதையும் ஒருகாலத்தில் மீட்டர்கேஜ்தான், இப்போது இல்லை.

"சென்னையில் பழைய என்ஜினை ஓட்டினார்களே?" 1855-ல் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற என்ஜின் அது. பெரம்பூரில் உயிர் கொடுத்தார்கள், 2019-ல் எர்ணாகுளத்திலிருந்து கொச்சி துறைமுக நிலையம் வரை கூட ஓடியது. அருமையான வேலை, செய்தவர்கள் கையைப் பிடித்துக் கும்பிடலாம். ஆனால் அது ஒற்றைப் பெட்டியோடு சில கிலோமீட்டர் போகிற என்ஜின். 195 கிலோமீட்டருக்கு நீங்கள் எந்த என்ஜினைக் கொண்டுவரப் போகிறீர்கள்? பழைய கரி என்ஜின்களை ஓடும் நிலையில் வைத்திருக்கும் ஹரியானா ரேவாரி ஷெட்டிலிருந்தா? அதையும் அறிவிப்பு சொல்லவில்லை.

"நெய்வேலியில் நிலக்கரி கொட்டிக் கிடக்கிறதே, வழியிலேயே ஏற்றிக்கொள்ளலாமே?" இதைக் கேட்டவர் உள்ளூர்ப் பாசத்தில் கேட்டிருக்கிறார். நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். நல்ல கரியில் இரண்டு பங்கு வெப்பம் கிடைக்கும் இடத்தில் இதில் ஒரு பங்குதான் வரும். காற்றிழுப்பில் தூளாகிப் பொறியாகப் பறக்கும். ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் பக்கம் ரயில் பாதையை ஒட்டி மக்காச்சோளம். அறுவடை முடிந்து தட்டை காய்ந்து கிடக்கும் மாதத்தில் ஒரு பொறி போதும். நல்ல கரியாக இருந்தாலும் புகைபோக்கிக்குக் கீழே உள்ள ஸ்மோக்பாக்ஸில் பொறித்தடுப்பு வலை ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் உள்ளே தலையை விட்டுப் பார்க்க வேண்டும்.

சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டவர்களுக்கு: வருஷத்தில் நாலைந்து நாள் ஓடும் வண்டி. அதை நான் பெரிய விஷயமாக நினைக்கவில்லை.

"பிரிட்டனில் லாரியிலிருந்துதானே தண்ணீர் ஊற்றுகிறார்கள்?" இதுதான் நேர்மையான கேள்வி. ஆமாம், ஊற்றுகிறார்கள். அங்கே கடற்கரைக்குக் கரி என்ஜின் சுற்றுலா என்பது பழகிய விஷயம். யார்க் நகரத்திலிருந்து ஸ்கார்பரோவுக்குப் போகிறது, ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியமிலிருந்து மல்லேக் துறைமுகத்துக்கு 1984-லிருந்து போகிறது. மெயின்லைனில் பழைய தண்ணீர்த் தூண்கள் போய்விட்டதால் டேங்கர் லாரி, தீயணைப்புக் குழாய் இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எந்த நிலையத்தில், எந்தப் பாதையில், எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் டிக்கெட் விற்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். என்ஜினோடு கூடவே பராமரிப்பு ஆட்கள் ஒரு பெட்டியில் வருவார்கள். வெயில் காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் வந்தால் கரி என்ஜினை நிறுத்திவிட்டு டீசலை மாட்டிவிடுவார்கள், யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. மல்லேக்கில் என்ஜினைத் திருப்ப வசதியில்லாததால் திரும்பும்போது டெண்டர் முன்னால் வரும். அதையும் கணக்கில் வைத்துத்தான் நேரம் போட்டிருப்பார்கள். கடலூரில் என்ஜினை எப்படித் திருப்பப் போகிறீர்கள்? டெண்டர் முன்னால் வைத்து 195 கிலோமீட்டர் ராத்திரியில் வந்தால் கரித்தூள் முழுக்க டிரைவர் கண்ணில்தான். வேகமும் குறையும்.

இன்னொன்று, லாரி பற்றிப் பேசியவர்கள் யாரும் தலைக்கு மேலே பார்க்கவில்லை. இந்தப் பாதை முழுக்க இப்போது 25,000 வோல்ட் மின்கம்பி. டெண்டரின் தண்ணீர் வாய் மேலே இருக்கிறது. கம்பியில் மின்சாரம் இருக்கும்போது ஒரு ஆள் டெண்டர் மேல் ஏறி ஹோஸைப் பிடித்தால் அவர் உயிரோடு இறங்க மாட்டார். கரியைச் சரிக்க மேலே ஏறக் கூடாது. நெருப்பைக் கிளறும் நீளக் கம்பியை டெண்டரிலிருந்து உருவும்போது மேல்நோக்கித் தூக்கக் கூடாது. அதனால் தரையிலிருந்தே நிரப்பும்படி டெண்டரின் கீழ்ப்பக்கம் ஹோஸ் இணைப்பு பொருத்த வேண்டும், அல்லது மின்சாரத்தை நிறுத்தி எர்த் செய்து எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஏற வேண்டும். ஒற்றை வழிப் பாதையில் அதற்கு எத்தனை வண்டி காத்திருக்க வேண்டும்? நிமிஷத்துக்கு 400 லிட்டர் தள்ளும் பம்பு வைத்தால் கூட, விருத்தாசலம் வரை போய்க் குறைந்திருக்கும் 19,000 லிட்டரை மறுபடி ஏற்ற 47 நிமிஷம் ஆகும். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது அந்தப் பதிலை எழுதியவர் யோசித்திருக்க வேண்டும். இதில் போவது ஒரு ஆளின் உயிர்.

"டீசல் என்ஜின் பின்னால் இருக்குமே, எதாவது ஆனால் தள்ளிவிடும்" என்கிறார்கள். அவசரத்துக்கு இருக்கட்டும், இருக்கவும் வேண்டும். ஆனால் முன்னால் இருப்பது புகை விட்டு நிற்க, முழுப் பாரத்தையும் பின்னால் இருப்பது தள்ளினால், மக்களிடம் கரி ரயில் என்று பணம் வாங்கக் கூடாது.

வயசுக்கு வருகிறேன். இந்தியாவில் பிராட்கேஜ் கரி என்ஜின் 1995 டிசம்பரோடு முடிந்தது. அதில் கரி அள்ளிப் போட்டவர்களில் இளையவருக்கும் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது, பெரும்பாலானவர்கள் எழுபதுக்கு மேல். குளிர்ந்த பாய்லரில் ஒரு நாள் முன்பே விறகும் எண்ணெய் நனைத்த காட்டன் வேஸ்ட்டும் வைத்து, அவசரப்படாமல் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வேகமாக ஏற்றினால் ஃபயர்பாக்ஸ் ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் ஸ்டே இழுபடும். கேஜ் கிளாஸில் தெரியும் தண்ணீர் மட்டத்தை அப்படியே நம்பாமல் கீழ்க்குழாயைத் திறந்து ஊதிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். சித்திரை வெயிலில் டெண்டர் தண்ணீர் சூடாகிவிட்டால், பாய்லருக்குள் தண்ணீர் தள்ளும் இன்ஜெக்டர் பிடிக்காமல் துப்பும் என்பதும், ஈரச்சாக்கை இன்ஜெக்டர் மேல் போட்டுக் குளிர வைப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஷவலை ஃபயர்பாக்ஸ் வாசலில் எந்தக் கோணத்தில் திருப்பினால் கரி பின் மூலையில் விழும் என்பது புத்தகத்தில் இருந்தாலும் கைக்கு வர வருஷக்கணக்காகும். சேலத்திலும் ஈரோட்டிலும் ஜோலார்பேட்டையிலும் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் தண்ணீர் எங்கே என்று கேட்டால் அது குறை சொல்வதா? அந்தக் கேள்வியைக் கேட்க இன்னும் பத்து வருஷம் கழித்து யார் இருப்பார்கள்?

இந்த ரயில் ஓடக் கூடாது என்று நான் ஒரு இடத்திலும் எழுதவில்லை. சேர்வராயன் மலைக் கிராமங்களில் கடலைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கரி என்ஜின் பின்னால் உட்கார வைத்துத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப் போவதை விட நல்ல காரியம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்குச் சின்னசேலத்தில், தண்ணீர் தீர்ந்து நெருப்பைக் கொட்டிவிட்டு நிற்கிற என்ஜினுக்குப் பின்னால், இருட்டில் பசியோடு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஓட்ட வழி இருக்கிறது, கேளுங்கள். சேலத்தில் நிரப்பிய 25,000 லிட்டரில் விருத்தாசலம் வரை 136 கிலோமீட்டருக்கு 19,000 போகும், 6,000 மிஞ்சும். விருத்தாசலத்தில் முழுதாக நிரப்புங்கள். அங்கிருந்து கடலூர் 57 கிலோமீட்டர், 8,000 லிட்டர். திரும்பி விருத்தாசலம் வர இன்னொரு 8,000. கடலூரில் நெருப்பை அணைக்காமல் ஒதுக்கி வைத்து நிற்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டாயிரம். ஆகக் கடலோரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடப் பிடிக்க வேண்டாம். கடல் உப்பு ஏறிய நிலத்தடி நீர்தான் பாய்லருக்கு எல்லாவற்றிலும் மோசம், அதைத் தொடாமலே வந்துவிடலாம். விருத்தாசலத்தில் மறுபடி நிரப்பி, ஏற்றத்துக்காக ஆத்தூரில் ஒரு 10,000 லிட்டர். மூன்று நிரப்பல், இரண்டு இடம். இரண்டு இடத்திலும் நிரப்பப்போகிற தண்ணீரின் சோதனை அறிக்கை, டெண்டரில் கீழ் இணைப்பு, மின் நிறுத்த அனுமதி. இவ்வளவும் கையில் வந்தபின் தேதியைப் போடுங்கள். விருத்தாசலம் தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து முதலில் சோதனைக்குக் கொடுங்கள், அந்தச் செலவை நானே தருகிறேன்.