தொங்குகிற கொத்தைப் பறியுங்கள்

நெட்டில் (stinging nettle) என்பது தொட்டால் எரிச்சல் தரும் சுணைச் செடி. அதன் விதையைச் சேகரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. இச்செடியில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் தனித்தனி. விதை பெண் செடியில் மட்டுமே. ஆண் பூங்கொத்து பக்கவாட்டில் நீட்டி நிற்கும், பெண் கொத்து விதை கனத்ததும் கீழே தொங்கும். இது தெரியாமல் முதல் ஆண்டு ஒரு கூடை ஆண் பூக்களைக் காயவைத்து ஏமாந்தேன். கை எரிந்ததுதான் மிச்சம்!

விதை பச்சையாக இருக்கும்போதே கையுறை போட்டுக்கொண்டு கொத்தோடு வெட்டி, நிழலில் தாளின்மேல் உலர்த்த வேண்டும். பிறகு சல்லடையில் தேய்த்தால் விதை கீழே உதிரும். அப்போதும் கையுறையைக் கழற்றாதீர்கள், சுணை சில சமயம் மிச்சம் இருக்கும்.

இவ்விதை 'சிறுநீரகத்தைக் குணப்படுத்தும்' என்று கட்டுரையில் வரும் வரி எனக்கு உறுத்துகிறது. மேலை மூலிகை மரபில் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் வேருக்கும் இலைக்கும் நடந்த அளவுக்கு விதைக்கு ஆய்வுகள் நடக்கவில்லை. சிறுநீரக நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இன்னொன்று, நெட்டில் படத்துக்குக் கீழே 'காஞ்சொறி' என்று போட்டிருக்கிறீர்கள். அதுவும் அரிக்கும்தான், ஆனால் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி.