ஞாயிற்றுக்கிழமை பாட்டில் போடக் கூடாது

ஜெர்மனிக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டாரிடம்கூடப் பேச மாட்டார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். பாதிதான் உண்மை.

வந்த புதிதில் ஒரு ஞாயிறு, காலி ஊறுகாய் பாட்டில்களைத் தெருமுனையில் கண்ணாடிக் குப்பை போடும் தொட்டியில் போடப் போனேன். பாட்டிலின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளை, பழுப்பு, பச்சை என மூன்று தொட்டிகள். கையில் இருந்த நீல பாட்டிலை எதில் போடுவது என்று முழித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கட்டிடத்து ஜன்னல் ஒன்று திறந்தது. ஒரு பாட்டி, "இன்றைக்கு ஞாயிறு!" என்றார். அவ்வளவுதான், ஜன்னல் மூடிக்கொண்டது. ஓய்வு நாளில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்கக் கூடாதாம். எனக்கு ஒரே எரிச்சல். மறுநாள் மாடிப்படியில் அவரே நிறுத்தி, "நீலம் பச்சையில் போகும்" என்றார். இப்போது நான் ஊருக்குப் போனால் என் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான்.

அப்புறம் இந்த டெபாசிட் விஷயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வாங்கும்போது 25 சென்ட் சேர்த்துக் கொடுக்க வேண்டும், காலி பாட்டிலைக் கடை மெஷினில் திருப்பிப் போட்டால் அது கிடைத்துவிடும். பலர் காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள், அந்தக் காசுக்காகப் பாட்டில் பொறுக்குபவர்கள் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டாமே என்று.

குறை இல்லையா? இருக்கிறது. எதற்கெடுத்தாலும் தபாலில் கடிதம். விசா நீட்டிப்புக்கு நேரம் கிடைக்கவே எனக்கு நாலு மாதம் ஆனது. சனிக்கிழமையே பால் வாங்கி வைக்க மறந்தால், ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், கட்டங்காப்பிதான். ஸ்டேஷன் கடை திறந்திருக்கும், ஆனால் அங்கே விலையைக் கேட்டால் கட்டங்காப்பியே தேவலை.