மூச்சை எண்ணினாயா?

போன வாரம் எங்கள் நர்சிங் கல்லூரியில் ஒரு கூட்டம். பயிற்சிக் கூடத்துக்குப் புதிதாக, மாணவிகள் பழக நோயாளி மாதிரி ஒரு பொம்மை வாங்கலாமா என்று பேச்சு. சாதாரண பொம்மை இல்லை. பேசும், இருமும், கண் சிமிட்டும், வியர்க்கும். விலையைக் கேட்டால் நமக்கும் வியர்க்கும். எல்லோரும் சரி என்றார்கள். நான் மட்டும், "அந்தக் காசில் இரண்டு பேரை வேலைக்கு வையுங்கள், வார்டில் பிள்ளைகளோடு நிற்கட்டும்" என்றேன். ஓர் இளம் ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "காலம் மாறிவிட்டது மேம்" என்றார். எனக்குக் கூட்டத்தில் வாய் சரியாக வராது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் பதில் வரும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே பிஎஸ்சி நர்சிங் முடித்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 17 வருடம் ஆகிறது. முதலில் வார்டு, இப்போது வகுப்பு.

படிக்கும்போது நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம், மெடிக்கல் வார்டு போஸ்டிங். காலை டிபிஆர் சார்ட், அதாவது ஜுரம், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் தாள், எழுத வேண்டும். முப்பது கட்டில். ஜுரம் பார்ப்பேன், நாடி பார்ப்பேன். மூச்சு? எல்லோருக்கும் 20. முப்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சு விடும் அதிசய வார்டு அது! யாரும் கேட்டதில்லை. கூடப் படித்தவர்களும் அப்படித்தான், சிலர் மாறுதலுக்கு 18 போடுவார்கள்.

ஒருநாள் வார்டு சிஸ்டர் சார்ட்டைப் பார்த்தார். திட்டவில்லை. "வாம்மா" என்று பதினோராம் கட்டிலுக்குக் கூட்டிப்போனார். ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பது போலவே விரலை வைத்துக்கொண்டு, கண்ணால் நெஞ்சைக் காட்டினார். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார், அதனால்தான் இந்தத் தந்திரம். முழுதாக ஒரு நிமிடம் இருவரும் எண்ணினோம். 32. வயதுவந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. அப்புறம் சிஸ்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்ப யாருக்குச் சொல்லணும்?" டாக்டருக்கு ஆள் போனது, ஆக்ஸிஜன் வந்தது, பெரியவரை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். நான் எழுதியிருந்த 20 அந்தத் தாளில் அப்படியே இருந்தது. சிஸ்டர் அதை அடித்துவிட்டு 32 என்று என்னையே எழுத வைத்தார்.

அன்றிலிருந்து நான் எண்ணாமல் 20 எழுதியதில்லை. எந்த வகுப்பும், எந்தப் புத்தகமும் அதைச் செய்யவில்லை.

இனி பொம்மைக்கு வருவோம். அதன் மூச்சு எவ்வளவு என்பதை ரிமோட்டில் வைப்பது நான்தான். 28 என்று வைத்தால் 28. மாணவிக்கும் தெரியும், இது பரீட்சை, ஏதோ தப்பாகத்தான் வைத்திருப்பார்கள் என்று. அதனால் எண்ணுகிறாள். வார்டில் அந்தச் சந்தேகம் தானாக வராது. அதை யாராவது கட்டில் பக்கத்தில் நின்று மூட்டிவிட வேண்டும்.

பொம்மையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இதயம் நின்றவருக்கு நெஞ்சழுத்தம் கொடுக்கப் பழக அதைவிட்டால் வேறு வழி இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 சென்டிமீட்டர் ஆழம், இதை உயிருள்ள ஆளிடம் பழக முடியுமா? நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் இதற்கென்றே ஒரு பொம்மை செய்தார். பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார். உலகத்தில் எத்தனையோ பேர் அந்த முகத்துக்கு மூச்சு ஊதிப் பழகியிருக்கிறார்கள். அந்த விலை குறைந்த பொம்மையை எத்தனை வேண்டுமானாலும் வாங்கட்டும். வியர்க்கிற பொம்மையோடுதான் எனக்குச் சண்டை.

ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைப் பரீட்சை வேறு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் எழுதி வைத்த முறை. வரிசையாக அறைகள், மணி அடித்தால் அடுத்த அறை, தேர்வாளர் கையில் ஒரு டிக் பட்டியல். பழைய வாய்மொழித் தேர்வில் தேர்வாளரின் முகராசி பார்த்து மார்க் விழும், அதற்கு இது ஆயிரம் மடங்கு நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைகள் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். "இப்போது நான் கை கழுவுகிறேன்" என்று காற்றில் கையைத் தேய்த்தால் டிக். அதே பிள்ளை வார்டில் குழாய் இருக்கும் இடம் தெரியாமல் நிற்கிறாள்.

போன வருடம் நடந்தது. கணக்குத் தேர்வில் முழு மார்க் வாங்கிய மாணவி. 1000 மில்லி சலைன், 8 மணி நேரம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? தூக்கத்தில் கேட்டாலும் 42 என்பாள். வகுப்பில் எப்போதும் மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் செட்டை (சலைன் இறங்கும் குழாயை) வைத்துத்தான் கணக்குப் போடுவோம். வார்டில் அன்று இருந்தது மில்லிக்கு 15 சொட்டு செட். உறையிலேயே அச்சிட்டிருக்கும், யார் பார்க்கிறார்கள்? அவள் வாட்சைப் பிடித்து, நிதானமாக எண்ணி, அழகாக 42 வைத்தாள். வைத்திருக்க வேண்டியது 31. எட்டு மணி நேரத்தில் இறங்க வேண்டிய தண்ணீர் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். வயதானவர், இதயம் பலவீனமானவர் என்றால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நல்லவேளை, தற்செயலாக நான் அங்கே இருந்தேன். "உறை எங்கே?" என்று கேட்டேன். குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து வந்து படித்தாள். முகம் வெளுத்துவிட்டது. அந்த வெளுப்பை எந்த ரிமோட்டிலும் வைக்க முடியாது.

தற்செயலாக என்று எழுதினேன் பாருங்கள், என் ஆற்றாமை முழுக்க அந்த ஒரு வார்த்தையில்தான்.

இந்த நாட்டில் பாடத்திட்டம் மாறிவிட்டது. பொது மருத்துவம், மனநலம், சமூக நலம், பிரசவம் எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கும் பழைய நான்கு வருடப் படிப்பில் 2019உடன் புதுச் சேர்க்கை நின்றது. இப்போது மூன்று வருட டிப்ளமோ அல்லது நான்கு வருடப் பட்டம். செவிலியர் படிப்பு உயர்கல்வியாகிவிட்டது. நல்லதுதான். முன்பு மாணவி வார்டுக்கு ஒரு வேலைக்காரி. அவளை நம்பித்தான் வார்டு ஓடியது, அதனால் சிஸ்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் கட்டாயம் இருந்தது. இப்போது மாணவி விருந்தாளி. செய்த வேலைகளைக் குறிக்கும் லாக் புக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், இதில் ஒரு கையெழுத்து" என்று அலைகிறாள். சிஸ்டருக்கோ மூச்சு விட நேரமில்லை, பார்க்காமலே போட்டுக் கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

புதுக் கற்பித்தல் முறை வேண்டாம் என்பதும் என் கட்சி இல்லை. இதே டர்பனில், அன்றைய நேட்டால் பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறை 1990களிலேயே பிரச்சினையைக் கொடுத்து விடை தேடவிடும் கற்றல் முறையைக் கொண்டுவந்தது, மாணவர்களைச் சமூகத்துக்குள் அனுப்பியது. அந்த முறைக்கும் கூடவே நின்று கேள்வி கேட்க ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அது கூகுள் தேடல்தான்.

அப்புறம் மொழி. டர்பன் இருக்கும் க்வாசுலு நேட்டால் மாநிலத்தில் பத்தில் எட்டுப் பேர் வீட்டில் ஜூலு பேசுகிறவர்கள். க்வாசுலு நேட்டால் பல்கலைக்கழகம் 2014இலிருந்து புது மாணவர்களுக்கு ஜூலுவைக் கட்டாயமாக்கியது. பொம்மையோ எங்களிடம் ஆங்கிலம் பேசப்போகிறது!

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் நம் பிள்ளை ஒருத்தி, 1860இல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலி ஆட்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலிலிருந்து தொடங்கிய கூட்டத்தின் வாரிசு, தமிழ் நாலு வார்த்தை, ஜூலு பத்து வார்த்தை. ஒரு கோகோவுக்கு, அதாவது ஜூலுப் பாட்டிக்கு, சர்க்கரை மாத்திரை பற்றி ஆங்கிலத்தில் பிரமாதமாக விளக்கினாள். பாட்டி "யெபோ, யெபோ" என்று தலையாட்டினார். பக்கத்தில் இருந்த ஜூலு மாணவியிடம், "நீ கேள், பாட்டிக்கு என்ன புரிந்ததென்று அவரே சொல்லட்டும்" என்றேன். பாட்டிக்குப் புரிந்தது: உடம்பு முடியாத நாளில் மட்டும் மாத்திரை. இருவரும் சேர்ந்து மறுபடி உட்கார்ந்தார்கள். ஜூலுவில் அந்த நோய்க்கு இசிஃபோ சிகாஷுகேலா என்று பெயர். நேரே சொன்னால் சர்க்கரை வியாதி. நம் பிள்ளைக்கு ஒரே ஆச்சரியம், "எங்கள் பாட்டியும் சர்க்கரை என்றுதான் சொல்லுவார்" என்று. பதினைந்து நிமிடம் ஆனது. லாக் புக்கில் அதற்குக் கட்டம் இல்லை.

சரி, முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பொம்மைக்கு ஆர்டர் போய்விட்டது. நான் விடாமல் நச்சரித்ததில் வியாழக்கிழமை காலை இரண்டு மணி நேரம் என்னை வார்டுக்கு விட்டிருக்கிறார்கள். ஆறு பிள்ளைகள். நேற்று முதல் நாள். சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு கட்டில், ஆறிலும் மூச்சு 20.

தமிழ்நாட்டில், மலேசியாவில், வேறெங்கும் நர்சிங் படிப்பவர்கள், படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: உங்கள் டியூட்டர் வார்டில் எவ்வளவு நேரம் நின்றார்? அடுத்த கூட்டத்துக்கு எனக்குப் பதில்கள் வேண்டும். இந்த முறை எழுதி எடுத்துப் போகப் போகிறேன்.